இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்த?

2023 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் மகப்பேறு வெளிநோயாளிகள் பிரிவில், நானும் அக்காவும் காலை ஏழரையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் பத்து மாதக் குழந்தை. வயிற்றில் இருபத்திரண்டு வாரம், மூன்று நாள்.

அன்றைக்கு மதியத்துக்குள் ஒரே கேள்வியை ஐந்து பேர் அக்காவிடம் கேட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் கேட்டார். ரத்தம் எடுத்த பெண் கேட்டாள். ஸ்கேன் அறை வாசலில் நின்ற ஆயாம்மா கேட்டார். பயிற்சி டாக்டர் கேட்டார். கடைசியில் பெரிய டாக்டர். குரல்தான் ஒவ்வொருவருக்கும் மாறியது, கேள்வி மாறவில்லை.

"இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்த?"

அக்கா ஐந்து தடவையும் பதில் சொல்லவில்லை. குழந்தையின் காலில் கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தாள். பதில் இல்லாமல் இல்லை. ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*

அக்கா என் பெரியம்மா மகள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பி.காம். முடித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு: ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் அது. எங்கள் பக்கத்து ஆட்கள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வண்டியோடு போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான். பொங்கலுக்கு வருவார், பங்குனி நோம்பிக்கு வந்தால் வருவார், அப்புறம் மழைக்காலத்தில்.

2022 ஆகஸ்ட்டில் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. இரண்டாவதும் பெண். பிரசவ வார்டிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். அக்காவுக்குச் சம்மதம். அவள் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், "இன்னொண்ணு பாக்கலாம் சாமி, அவசரப்பட்டுப் பண்ணிப்போட்டு அப்பறம் அழுவக்கூடாது" என்றார். காப்பர்-டி போட்டார்கள். உதிரப்போக்கு நிற்கவில்லை என்று மூன்றாம் மாதம் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வேறெதுவும் யாரும் சொல்லவில்லை. பால் கொடுக்கிற உடம்பு, நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாதி உண்மை என்பது இதுதான். பால் கொடுப்பது ஓரளவு காக்கும். ஆனால் மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், தீட்டு திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு போச்சு. சின்னவளுக்கு ஐந்தாம் மாதமே ராகிக்கூழ் ஆரம்பித்தாயிற்று. ஆபீசுக்கு மறுபடி போக வேண்டும், பழக்கிவிடலாம் என்று அக்காவே ஆரம்பித்ததுதான். பொங்கலுக்கு மாமா வந்தார். ஒன்பது நாள் இருந்தார். திரும்பிப் போனார்.

கரு உண்டானால் நாள் தள்ளிப்போகும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நாளே வராதவளுக்கு எது தள்ளிப்போகும்? பிப்ரவரி, மார்ச் முழுக்க அக்காவுக்கு வாய் கசந்தது. பித்தம் என்றார்கள். களைப்பாக இருந்தது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் களைப்பு இல்லை? ஏப்ரல் 3, திங்கட்கிழமை, பெரியவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் மெடிக்கலில் கார்டு வாங்கினாள். தெரிந்த கடையில் வாங்க முடியாதல்லவா, பஸ் ஏறி அடுத்த ஊரில் வாங்கினாள். இரண்டு கோடு.

அன்றைக்குப் பதின்மூன்று வாரம். முதல் பதின்மூன்று வாரம் அவள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள் என்பதற்குப் பதில் இது. தெரியாமல் இருந்தாள்.

*

மறுநாள் ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா எனக்கு போன் செய்தாள். நான் அப்போது சென்னையில், சிறுசேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நண்பர்களோடு சாப்பிட வந்திருந்தேன். கடையில் சத்தம்.

"அம்மிணி, தனியா இருக்கறயா? ஒண்ணு கேக்கணும்."

"வெளிய இருக்கேன்க்கா. நாளைக்குக் கூப்பிடட்டா?"

"செரி, கூப்புடு. மறக்காத."

மறந்துவிட்டேன். ஏப்ரல் 16-ந் தேதிதான் நினைவு வந்து கூப்பிட்டேன். நடுவில் சித்திரைக் கனியும் வந்து போயிருந்தது. "ஒண்ணுமில்ல அம்மிணி, சரியாயிடுச்சு" என்றாள். எது சரியாயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளில் நடந்தது இது: பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மூலம், சீட்டு இல்லாமல், மெடிக்கலில் மாத்திரை வாங்கினாள். அந்த மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான், அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. இவளுக்குப் பதினான்கு ஓடிக்கொண்டிருந்தது. விற்றவனும் கேட்கவில்லை. மூன்று நாள் உதிரம் போனது. வலியைக் கடித்துக்கொண்டு, அத்தைக்குத் தெரியாமல், குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஸ்கேன் பார்த்திருந்தால் முடியவில்லை என்று தெரிந்திருக்கும். திருட்டுத்தனமாக மாத்திரை போட்டவள் எந்த முகத்தோடு ஸ்கேனுக்குப் போவாள்?

மே இரண்டாம் வாரம், சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் மீன் துள்ளிய மாதிரி இருந்ததாம். "சோத்துக் கையோட அப்படியே உக்காந்துட்டேன் அம்மிணி. புள்ள வாயத் தொறந்துட்டு இருக்கறா, நான் ஊட்டல" என்றாள் பிறகு.

*

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதை எழுதுவது நியாயமில்லை.

2022 ஜூலையில் நானும் கர்ப்பமாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. எனக்கு மாதம் தவறாமல் இருபத்தெட்டாம் நாள் வந்துவிடும். ஆறு நாள் தள்ளிப்போனதுமே கார்டு வாங்கினேன், ஆன்லைனில், பத்து நிமிடத்தில் வந்தது. அறைத்தோழி ஒருத்திக்கு ஒரு லேடி டாக்டரைத் தெரிந்திருந்தது. செலவு என் மாதச் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை. ஏழு வாரம். டாக்டர் "மேரிடா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். சனி, ஞாயிறு அறையில் சூடுதண்ணீர்ப் பையோடு படுத்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதே இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை பலிக்காமல் போனதைப் பேசும் இடத்தில் 'மணமான பெண், அவளுடைய கணவன்' என்றுதான் சொன்னது. 2021 திருத்தம் அதை 'பெண், அவளுடைய துணைவர்' என்று மாற்றிவிட்டது. மாறியது எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாதது என்னை எங்கேயும் தடுக்கவில்லை. நாள் கணக்கும் காசும் தனி அறையும் ஒரு தோழியும் என்னிடம் இருந்தன.

அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. யாரிடமும்தான் சொல்லவில்லை. அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம். சொல்லியிருந்தால், ஏப்ரல் 4-ந் தேதி ராத்திரி "ஒண்ணு கேக்கணும்" என்று இழுத்திருக்க மாட்டாள். நேராகக் கேட்டிருப்பாள். பதின்மூன்று வாரத்தில் இதற்குச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. ஒரு டாக்டரின் கருத்து போதும்.

எனக்கு ஏழு வாரம், அவளுக்கு இருபத்திரண்டு வாரம். இடையில் இருக்கிற பதினைந்து வாரத்தை ஒழுக்கத்தால் அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் வந்தவள் பொறுப்பானவள், தாமதமாக வந்தவள் அலட்சியக்காரி. எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் யாரிடம் கேட்டாலும், பொறுப்பானவள் அக்கா என்றுதான் சொல்வார்கள்.

*

பதினெட்டாம் வாரத்துக்குப் பிறகு அக்கா ஒரு நாளையும் வீணாக்கவில்லை. வீணாக்கியது மற்றவர்கள்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். நர்சம்மா தெரிந்தவர்தான். பார்த்ததும் "ஏம்மா, இன்னும் பிக்மி நம்பர் போடலயா?" என்று நோட்டை எடுத்தார். வேண்டாம் என்று அக்கா சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ரெண்டும் பொண்ணுதான? எங்க ஸ்கேன் பாத்த? யாரு சொன்னா பொண்ணுன்னு?"

இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. எங்கள் பக்கத்துச் சேலத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்வதை நிறுத்த, வேண்டாத குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு சொன்ன ஊர்ப்பக்கம். 1994-ல் வந்த சட்டம் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பெண் பெற்ற ஒருத்தி மூன்றாவதை வேண்டாம் என்றால், அவள் எந்த ஸ்கேனும் பார்க்காதவளாக இருந்தாலும், முதலில் குற்றவாளியாகிவிடுகிறாள். வீட்டில் அத்தை ஆண்பிள்ளை என்று நம்பிக் கலைக்க விடமாட்டார். வெளியில் நர்சம்மா பெண்பிள்ளை என்று நினைத்துக் கலைக்க விடமாட்டார். உள்ளே இருப்பது எதுவானாலும் தன்னால் இப்போது முடியாது என்று அக்கா சொன்னது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

அடுத்து ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே திட்டவில்லை. ஒரு தொகை சொன்னார்கள். வாரம் ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். மாமாவின் சம்பளம் சீசன் முடிந்துதான் மொத்தமாகக் கைக்கு வரும், நடுவில் வருவது அட்வான்ஸ். அக்கா காதுத்தோட்டை அடகு வைத்தாள். அதற்கு நான்கு நாள். பணத்தோடு போனபோது, "ஹஸ்பெண்ட் கையெழுத்து வேணும், இல்லாட்டி எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

பதினெட்டு வயது நிறைந்து சுயநினைவோடு இருக்கிற பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். 1971-லிருந்தே சட்டம் இதுதான். கணவன் கையெழுத்து என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. ஆனாலும் பல இடங்களில் கேட்கிறார்கள். நாளைக்கு ஒருவன் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயம். தங்கள் பயத்துக்கான விலையை அவள் வாரங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

மாமா சத்தீஸ்கரில் காட்டுக்குள் இருந்தார். டவர் கிடைத்தால்தான் பேச முடியும். மூன்றாம் நாள் கிடைத்தது. மாமா கெட்டவர் இல்லை. "எனக்கென்ன தெரியும், அம்மாகிட்டக் கேட்டுக்கயேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து நடந்த ஒன்று, அந்த ஒரு வாக்கியத்தில் அவள் வேலையாகிவிட்டது. அத்தையிடம் கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று, பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. இரண்டு நாள் அத்தை சோறு தின்னவில்லை.

அதற்குள் இருபது வாரம் தாண்டிவிட்டது. மே கடைசியில் அக்கா எனக்கு மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை தனியாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. "வா" என்றாள். ராத்திரி பஸ் ஏறினேன்.

*

பெரிய டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். களைத்திருந்தார். ஆனால் எங்களை உட்காரச் சொன்னார். அன்றைக்கு எங்களை உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"இருபது வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும்மா. இருபதுல இருந்து இருபத்திநாலு வரைக்கும் ரெண்டு டாக்டர் பாக்கணும், அதுவும் கவர்மெண்ட் ஒரு லிஸ்ட் குடுத்திருக்கு, அதுல வரணும்" என்று சொல்லிவிட்டு விரல் விட்டார். பாலியல் வன்முறைக்கு ஆளானவர். மைனர். கர்ப்ப காலத்தில் விதவையானவர், விவாகரத்தானவர். உடல் ஊனமுள்ளவர். மனநலம் பாதித்தவர். கருவில் பெரிய கோளாறு. பேரிடர், அவசரநிலை என்று அரசு அறிவித்த இடத்தில் இருப்பவர். மொத்தம் ஏழு.

"இதுல எதாச்சும் வருதாம்மா?"

அக்கா அந்த லிஸ்டைப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டாள். பிறகு, "எனக்கு முடியலீங்க டாக்டர்" என்றாள். "அடுத்த வாரம் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. இத விட்டா அந்த வேலை கிடைக்காது. இந்தப் புள்ள இன்னும் நடக்கல. அவரு இங்க இல்ல. எனக்கு நெஜமா முடியலீங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "புரியுது. ஆனா இத நான் எந்த எடத்துலம்மா எழுதறது?" என்றார்.

அந்த லிஸ்ட் யாரோ யோசித்து எழுதியதுதான். அதற்குப் பின்னால் பல பெண்களின் போராட்டம் இருக்கிறது. 2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா, கருவின் இதயத்தில் கோளாறு என்று இருபது வாரத்துக்குப் பிறகு தெரிந்து உயர் நீதிமன்றம் போனார், அனுமதி கிடைக்கவில்லை. கருவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனே பதினெட்டு, இருபது வாரத்தில்தான் எடுக்கிறார்கள், பிறகு எப்படி இருபதுக்குள் முடிவெடுப்பது என்று அப்போதிருந்து கேட்டுக் கேட்டுத்தான் 2021 திருத்தம் வந்தது. 2022 செப்டம்பர் 29-ந் தேதி உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணையும் அந்த இருபது-இருபத்திநான்கு வாரப் பட்டியலிலிருந்து ஒதுக்க முடியாது என்றது. பெண்ணின் வாழ்க்கைச் சூழல் மாறிப்போவதையும் கணக்கில் எடுத்து அந்த விதியைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரும் அதைச் சொல்லவில்லை, எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. கணவன் செத்திருந்தால் அக்கா லிஸ்டில் வந்திருப்பாள். கணவன் உயிரோடு, ஆயிரம் மைலுக்கு அப்பால், டவர் இல்லாத இடத்தில் இருந்ததால் வரவில்லை. தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம் இருந்தால் சட்டத்துக்குப் புரிகிறது. அக்காவிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. ராகிக்கூழ், அடுத்த ஊர் மெடிக்கல், காதுத்தோடு, கையெழுத்து, டவர், மறந்துபோன ஒரு போன் என்று சின்னச் சின்னதாக இருபத்திரண்டு வாரம் இருந்தது.

*

அக்டோபர் இரண்டாம் வாரம் அக்காவுக்குப் பிரசவம். ஆண் குழந்தை.

அதே வாரம், வார்டு வராந்தாவில் உட்கார்ந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லியில் ஒரு பெண், இருபத்தேழு வயது, இரண்டு குழந்தைகள். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தீட்டு வரவில்லை, கர்ப்பம் தெரியவே ரொம்பத் தாமதம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் 9-ந் தேதி உச்ச நீதிமன்றம் கலைக்க அனுமதித்தது. கரு பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்று டாக்டர் ஒருவர் எழுதினார். 11-ந் தேதி அதே இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். 16-ந் தேதி மூன்று நீதிபதிகள் சேர்ந்து, இருபத்தாறு வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவிலும் கோளாறு இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

நாடு முழுக்க டிவியில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார்கள். ஒரு விவாதத்தில் ஒருவர் கேட்டார், இத்தனை மாதம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன். அத்தை வார்டு முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, அன்னிக்கு டாக்டரம்மா வேண்டாம்னாங்க" என்று கட்டிலுக்குக் கட்டில் சொன்னார். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

ரிக் ஆபீசில் அந்த இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். தோடு ஏலத்துக்குப் போயிற்று. பையன் நன்றாக இருக்கிறான். அந்த மாத்திரையால் ஏதாவது ஆகியிருக்குமோ என்று அக்கா ஒரு வருடம் முழுக்க அவன் கைவிரல், கால்விரலை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மேல் அவளுக்கு உயிர். எல்லோரும் அதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

*

போன பொங்கலுக்கு, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, என் கதையை அக்காவிடம் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பாவாடையை உதறிப் போட்டாள். கிளிப் மாட்டினாள். அப்புறம் கேட்டாள்.

"எங்க போறதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கூட ரூம்ல இருந்த பொண்ணு."

"ம்" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள். வெகுநேரம் கழித்து, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் அம்மிணி" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாதே, ஆஸ்பத்திரி பேரும் போடாதே, அந்த டாக்டரம்மா நல்லவங்க என்றாள். பையன் வளர்ந்து இதைப் படித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவன் கீழே முற்றத்தில் தங்கைப் பதவி தனக்குக் கிடைக்காத கோபத்தில் இருக்கும் சின்னக்காவோடு மண்ணுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அக்கா கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டி அவனைப் பார்த்தாள்.

"படிக்கட்டும். அவன வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? அவன் யாருன்னே அப்பத் தெரியாது. என்னால முடியாதுன்னுதான் சொன்னேன். அது அன்னிக்கும் நெசம்தான், இன்னிக்கும் நெசம்தான்."

கீழே பையன் அழ ஆரம்பித்தான். வாளியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.